முதலில் இறால், அப்புறம் மீன்: சிறிய பவளத் தொட்டியில் யாரை யாரோடு வைப்பது?

பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களோடு கடல் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மீனில் இருந்துதான் யோசிப்பார்கள். கோமாளி மீன் இரண்டு, ஊதாவில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று மனத்தில் ஒரு படம் ஓடும். இறால், நத்தை, நண்டு எல்லாம் 'சுத்தம் செய்ய நாலு போடலாம்' என்ற கணக்கில் கடைசியாக வரும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பேன். எந்த இறால் வேண்டும், எந்த நண்டு வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அவற்றைத் தின்னாத, அவற்றிடம் மாட்டிக்கொள்ளாத மீனை அப்புறம் தேடுங்கள்.

காரணம் இதுதான். நத்தை சரிப்படவில்லை என்றால் கையை விட்டு எடுத்துவிடலாம். மீன் சரிப்படவில்லை என்றால் லேசில் எடுக்க முடியாது. பாறை அடுக்கிய தொட்டியில் விரல் நீள மீனை வலை போட்டுப் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வலை உள்ளே நுழைவதற்குள் மீன் இடுக்கில் போய் ஒடுங்கிவிடும். கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் அதன்மேல் ஒட்டி வளர்ந்த பவளங்களும் கூடவே வரும். திருத்த முடியாத தவறு எங்கே நடக்குமோ, அங்கே நிதானம் வேண்டும்.

நான் சொல்வது 60 செ.மீ. நீளமும் 80 முதல் 100 லிட்டர் தண்ணீரும் உள்ள தொட்டியை மனத்தில் வைத்து. உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, வெப்பம் 25, 26 டிகிரி. கழிவில் இருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். புதுத் தொட்டி என்றால் அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கலாம். இந்த அளவில் சிறிய மீன் நான்கு வைக்கலாம், மிஞ்சிப்போனால் ஐந்து. அவ்வளவுதான் இடம்.

சரி, இறாலுக்கு வருவோம். சிவந்த முதுகின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால்தான் என் முதல் தேர்வு. அறிவியல் பெயர் லிஸ்மாட்டா அம்போய்னென்சிஸ். உடம்பு 5, 6 செ.மீ. வரை வளரும். தொட்டிக்குள் கை விட்டுச் சற்று அசையாமல் இருந்தால் பாறையில் இருந்து இறங்கி வந்து விரல்மேல் ஏறும். நகக்கண்ணில் காய்ந்து நிற்கும் தோலைக் குட்டிக் கால்களால் கிள்ளி எடுக்கும். வலிக்காது, மெல்லிய குறுகுறுப்பு மட்டும்தான். மீன்களுக்கும் அதே சேவைதான். அதன் முன்னால் வந்து செவுளை விரித்துக் காத்திருக்கும் மீனைப் பார்த்தால் அந்தத் தொட்டியில் ஏதோ சரியாக நடக்கிறது என்று தோன்றும். ஆனால் வெள்ளைப்புள்ளி நோயை இது தீர்த்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது, இறாலின் கால் அங்கே எட்டாது. இதில் குறை ஒன்று உண்டு: பவளத்துக்கு ஊட்டிய உணவை அதன் வாய்க்குள் கை விட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் இறாலுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு அப்புறம் பவளத்துக்கு ஊட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

இதன் உறவான ஃபயர் இறால் இரத்தச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இன்னும் அழகாக இருக்கும். ஆனால் பகலில் வெளியே வராது. பார்ப்பதற்காகத் தொட்டி வைப்பவருக்கு கிளீனர்தான் மேல்.

பெப்பர்மின்ட் இறாலை அழகுக்காக யாரும் வாங்குவதில்லை. ஐப்டேசியா என்ற களை அனிமோனை (அனிமோன் என்பது பூப்போல் விரிந்து நிற்கும் கடல் உயிர்) தின்னும் என்பதற்காக வாங்குகிறார்கள். பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்து, ஒன்று பத்தாகி, பத்து நூறாகிப் பவளங்களைக் கொட்டும் அந்த ஐப்டேசியாவுக்கு இது நல்ல மருந்து. எல்லா பெப்பர்மின்ட்டும் தின்றுவிடும் என்று சொல்ல முடியாது. சில தொடக்கூட மாட்டா. அதனால் ஒன்றுக்குப் பதில் மூன்றாக வாங்குவது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேமல் இறால் என்று இன்னொன்று உண்டு. அதுவும் சிவப்புக் கோடுதான், அதே அளவுதான், சில இடங்களில் அதே பெயரில்கூட விற்கிறார்கள். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு ஸோயாந்திட், காளான் பவளம் போன்ற மென்பவளங்களைப் பிய்த்துத் தின்னக்கூடியது. பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கேமல் இறாலின் முதுகு கூன் போட்டிருக்கும், கண் பெரிதாக முழித்துக்கொண்டிருக்கும், சிவப்புக் கோடுகளுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். பெப்பர்மின்ட் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், கோடுகள் மங்கல். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம், முதுகைப் பாருங்கள்.

சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட பவளப்பட்டை இறாலை, அதாவது ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸை, இந்த அளவுத் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். நீண்ட இடுக்கிகளும் வெள்ளை மீசையும் கண்ணைப் பறிப்பவைதான். ஆனால் மற்ற இறால்களைக் கொல்லும். தூங்குகிற சிறு மீனையும் பிடிக்கும். இதுவா, கிளீனரா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டும் சேர்ந்து வாழாது.

வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும் தோர் அம்போய்னென்சிஸ் என்ற குட்டி இறாலை செக்ஸி இறால் என்று கூப்பிடுகிறார்கள். ஒன்றரை செ.மீ. கூட இருக்காது. நாலைந்தாக வைத்தால் ஒரே பவளத்தின்மேல் கூடி ஆடும். இதை வைக்க ஆசைப்பட்டால் உங்கள் மீன் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். அவ்வளவு குட்டி உயிரை எந்த மீனின் வாய் கொள்ளுமோ, அந்த மீன் எல்லாம் வெளியே. மீன் குறைவாக இருக்கும் 30, 40 லிட்டர் தொட்டியில் இவைதான் கதாநாயகர்கள் ஆக வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த தெரிவு: பிஸ்டல் இறாலும் அதோடு வாழும் கோபியும். கோபி என்பது தமிழில் உளுவை. அவற்றில் சில வகைகள் இந்த இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துகின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அது நாள் முழுக்க மணலைத் தோண்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசை கோபியின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு தடவை சுண்டும், இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருக்கினால் கோபியும் தலைகீழாக உள்ளே பாயும். இரவில் தொட்டியில் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பதறி எழுந்தவர்கள் உண்டு. அது இறாலின் பெரிய இடுக்கி மூடும் வேகத்தில் தண்ணீரில் உண்டாகும் குமிழி உடையும் ஓசை. இடுக்கி மோதுவதால் வரும் சத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். குமிழி உடைவதுதான் ஓசைக்குக் காரணம் என்று 2000-இல் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து காட்டினார்கள்.

இதில் இரண்டு ஜோடிகள் போட்டியிடும். டைகர் பிஸ்டலும் மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் ஒரு ஜோடி. சிவப்பு வெள்ளை வரிகள் உள்ள ரேண்டால் பிஸ்டலும், முதுகுத்துடுப்பைக் கொடிபோல உயர்த்தி நிற்கும் ஸ்டோனோகோபியாப்ஸ் வகைக் கோபியும் இன்னொன்று. முதல் ஜோடி துணிச்சலானது, எப்போதும் கண்ணில் படும். ஆனால் வாட்ச்மேன் 10 செ.மீ. வரை வளரும், வாய் பெரியது. குட்டி இறால்களோடு அதை வைக்க முடியாது. டைகர் பிஸ்டல் தோண்டும் வேகமும் சாதாரணமில்லை, கீழே வைத்த பவளத் துண்டுகளை மணலில் புதைத்துவிடும், சில சமயம் இழுத்துக்கொண்டே போய்விடும். இரண்டாவது ஜோடி சிறியது, சாது. ஆனால் பயந்த சுபாவம், முரட்டு மீன் ஒன்று இருந்தாலே வெளியே தலைகாட்டாது. நூறு லிட்டருக்குள் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும், பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் நேராக உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால் இறால் அடியில் தோண்டும்போது பாறை சரிந்து அதன் மேலேயே விழும். 5 செ.மீ. ஆழம் மணலும், கூரை போட்டுக்கொள்ள உடைந்த பவளச் சில்லுகளும் இருந்தால் இறால் தானாக வேலையைத் தொடங்கிவிடும்.

நத்தையும் துறவி நண்டும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நத்தையில் டிரோகஸ் போதும். கவிழ்ந்து விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா நிமிராது, அப்படியே கிடந்து சாகும். டர்போ பாசியை நன்றாக மேயும், ஆனால் புல்டோசர் மாதிரி பவளத் துண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும். மணலுக்குள் சிந்திய உணவைத் தேடித் தின்ன நாசாரியஸ் மூன்று நான்கு. துறவி நண்டு வேண்டும் என்றால் செங்கால் வகை, நீலக்கால் வகையைவிட அமைதி. எதுவானாலும் வளர வளர அதற்குப் பெரிய ஓடு வேண்டும். காலி ஓடுகள் கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டுக்குள் குடியேறும். ஏழெட்டுக் காலி ஓடுகளை ஒரு மூலையில் போட்டு வையுங்கள். மணலை அலசும் நட்சத்திர மீனை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சிறிய தொட்டியில் மணலில் உள்ளதை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுச் சில மாதங்களில் பட்டினியால் கரைந்துபோகும். அது சாவதுகூட உங்களுக்குத் தெரியாது.

இனி மீன்.

ஊதாவும் மஞ்சளும் கலந்த சிறிய மீன் எல்லோருக்கும் வேண்டும். அந்த நிறத்தில் இரண்டு மீன் கிடைக்கும்: ராயல் கிராமா, ராயல் டாட்டிபேக். முன்னது கரீபியக் கடலுடையது, பின்னது மேற்குப் பசிபிக்குடையது. முன்னால் பாதி ஊதா, பின்னால் பாதி மஞ்சள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே மீன்தான். கிராமா தன் குகையை மட்டும் காத்துக்கொண்டு, பாறை விளிம்பின் அடியில் வயிற்றை மேலே காட்டி நீந்திக்கொண்டு, இறாலைச் சீண்டாமல் வாழும். டாட்டிபேக் தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும், சிறு இறாலை வேட்டையாடும்.

எனக்கு இந்த வித்தியாசம் தெரியாத காலத்தில் கிராமா என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். மூன்று பெப்பர்மின்ட் இறால்கள் இருந்த தொட்டி. முதல் வாரம் ஒன்றைக் காணோம். தோல் உரிக்க ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் பாறையின் முன்பக்கம் ஒரு கால் மட்டும் கிடந்தது. அன்று இரவு சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான், தோல் உரித்து மெத்தென்று இருந்த கடைசி இறாலை அந்த மீன் இடுக்கில் இருந்து இழுத்ததைக் கண்டேன். அதைப் பிடிக்கத் தொட்டியில் பாதிப் பாறையை வெளியே எடுத்தேன். இரண்டையும் வேறுபடுத்த ஒரு நிமிடம் போதும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கிராமாவில் ஊதா மெல்ல மெல்லப் புள்ளிகளாகச் சிதறி மஞ்சளில் கலக்கும். முதுகுத்துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி, கண்ணை வெட்டிக்கொண்டு போகும் ஒரு கோடு. டாட்டிபேக்கில் ஊதா கத்தியால் வெட்டினாற்போல நின்று மஞ்சள் தொடங்கும். கரும்புள்ளி கிடையாது.

கோமாளி மீனைப் பொறுத்தவரை கேள்வி 'வைக்கலாமா' என்பதல்ல, 'எந்த வகை' என்பதுதான். ஆசெல்லாரிஸ் வகை போதும்; இறாலைத் தொடாது, தொட்டியிலேயே பொரித்து வளர்த்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. மெரூன் வகை அழகாக இருந்தாலும் பெண் பெரிதாகி மற்ற மீன்களை வாழவிடாது. வயதில் இளைய, அளவில் வேறுபட்ட இரண்டை ஒன்றாக வாங்கினால் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் மாறி ஜோடியாகிவிடும். கோமாளி இருந்தால் அனிமோனும் வேண்டும் என்று கட்டாயமில்லை. புதுத் தொட்டியில் அனிமோன் வைப்பது வம்பு. அது இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துகொண்டே போய் நீர்ச்சுழற்றியில் சிக்கி அரைபடும், தொட்டித் தண்ணீரே கெட்டுவிடும். ஒரு வருடம் தாண்டி, தண்ணீரும் வெளிச்சமும் நிலைப்பட்ட பிறகு யோசிக்கலாம்.

மூன்றாவது இடத்துக்கு ஃபயர்ஃபிஷ், பாங்காய் கார்டினல் இரண்டும் சமபலம். ஃபயர்ஃபிஷ் வெள்ளை உடம்பு, தீ நிற வால், ஊசிபோல் நிமிர்ந்த முதுகுத்துடுப்பு. நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டு வரும் துணுக்கைக் கொத்தும். ஒன்று வைப்பது நல்லது. இரண்டு வைத்தால் ஜோடி சேராவிட்டால் ஒன்றை மற்றது துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். பயந்தால் தண்ணீரை விட்டு எகிறும். பாங்காய் கார்டினல் எகிறாது, அமைதியாக மிதக்கும், வெள்ளிமேல் கறுப்புப் பட்டைகள். ஆனால் வாய் பெரியது; செக்ஸி இறால் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டும். இந்த மீனில் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இதன் சொந்த ஊர் இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அருகே இருக்கும் பாங்காய்த் தீவுகள் மட்டும்தான். தொட்டிகளுக்காக அள்ளிக்கொண்டு போனதால் 2007-இல் அழிவாபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஆண் மீன் முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், அத்தனை நாளும் சாப்பிடாது. குஞ்சுகள் உருவிலேயே முழு மீனாக வெளிவருவதால் வீட்டிலேயே வளர்ப்பது சாத்தியம். அப்படி வளர்த்தவை விற்பனைக்கு வருகின்றன. கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு, பிறந்ததை மட்டும் வாங்குங்கள்.

பாசி மேய ஒரு பிளென்னி வேண்டுமென்றால் டெயில்ஸ்பாட் பிளென்னி, 6 செ.மீ. தான். புல்வெட்டி என்று பெயர் வாங்கிய லான்மோவர் பிளென்னி அதைவிட இரு மடங்கு, பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். டெயில்ஸ்பாட் ஒரு பொந்தில் உடம்பை நுழைத்துத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சிக்ஸ் லைன் ராஸ் பற்றிக் கேட்பார்கள். தட்டைப்புழுவையும் நத்தையை உறிஞ்சும் குட்டி ஒட்டுண்ணி நத்தையையும் தேடித் தேடித் தின்னும், பாறையெங்கும் சுறுசுறுப்பாக ஓடும், உண்மையிலேயே உதவியான மீன். ஆனால் தனக்குப் பிறகு வருகிற எந்த மீனையும் சேர்க்காது. நூறு லிட்டருக்குள், ஃபயர்ஃபிஷ் அல்லது ஸ்டோனோகோபியாப்ஸ் மாதிரி சாதுவோடு இது வேண்டாம். ஃபிளேம் ஹாக்ஃபிஷும் வேண்டாம், அது இறாலைத் தின்னும்; இறால் இல்லாத தொட்டிக்கே அது சரி.

மாண்டரின் மீனைப் பார்த்ததும் மனம் கரையும். நீல உடம்பில் ஆரஞ்சு நெளிவுகள். அது நாள் முழுக்கப் பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிர்களைப் பொறுக்கித் தின்று வாழும் மீன். சிறிய, புதிய தொட்டியில் சில வாரங்களில் அத்தனையும் தீர்ந்துவிடும். அப்புறம் வயிறு ஒட்டி, முதுகெலும்பு தெரிய, மற்ற மீன்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டே சாகும். உறைந்த உணவுக்குப் பழகிய மாண்டரின் கிடைத்தாலும் என் பதில் மாறாது: இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

ஆக, நூறு லிட்டருக்கு என் சேர்க்கை இது: ஒரு கிளீனர் இறால், ரேண்டால் பிஸ்டலும் அதன் கோபியும், ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ், ஒரு ஃபயர்ஃபிஷ். ஐந்தாவது மீனுக்கு ஆசை இருந்தால் டெயில்ஸ்பாட். ஊதா நிறத்தின் மேல்தான் ஆசை என்றால் அதற்குப் பதில் கிராமா. ஐப்டேசியா தலைகாட்டினால் மட்டும் பெப்பர்மின்ட். செக்ஸி இறால்தான் வேண்டும் என்பவர்கள் ஃபயர்ஃபிஷையும், 3 செ.மீ. சுமாருக்கு மட்டுமே வளரும் மஞ்சள் கிளவுன் கோபியையும் வைத்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோபி அக்ரோபோரா என்ற கெட்டிப் பவளத்தின் அடிக்கிளையைக் கொறிக்கும். மென்பவளத் தொட்டி என்றால் கவலை இல்லை.

சேர்க்கும் வரிசையும் தேர்வின் ஒரு பகுதிதான். நத்தை முதலில். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிஸ்டலும் கோபியும், முடிந்தால் ஒரே நாளில், ஒரே இடத்தில். அவை வளை தோண்டி நிலைத்த பின் கிளீனர். அதன்பின் ஃபயர்ஃபிஷ், கிராமாவோ டெயில்ஸ்பாட்டோ இருந்தால் அடுத்து அது. கோமாளிகள் கடைசியில், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் இடத்துக்குச் சண்டை போடக்கூடியவை அவைதான். இறால்களைத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்கும்போது மீனைவிட நிதானம் வேண்டும். மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல். உப்பளவு சட்டென்று மாறினால் அவற்றால் தாங்க முடியாது. மீன்களைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளிக்குப் போடும் செம்பு மருந்து இறால், நத்தை, பவளம் மூன்றையும் கொல்லும். பவளத் தொட்டிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

கிளீனர் வந்து சில நாள் கழித்துக் காலையில் தொட்டியைப் பார்த்தால் அது செத்து மல்லாந்து கிடப்பதுபோல இருக்கும். மீசை, கால், கண் எல்லாம் அப்படியே. எடுத்து எறிவதற்கு முன் பாறையின் பின்பக்கம் பாருங்கள். உரித்த சட்டையை விட்டுவிட்டு, புதுச் சிவப்பில் அங்கே ஒளிந்திருக்கும். கூடு கெட்டியாக ஓரிரு நாள் ஆகும். அந்த நேரத்தில்தான் தொட்டிக்குள் யார் யாரை வைத்தோம் என்பது முடிவாகும்.

தொட்டியின் மேலே சின்னக் கண் உள்ள வலையை இறுக்கமாகப் போடுங்கள். ஃபயர்ஃபிஷ் குதிப்பதற்கு ஒயர் போகிற ஓட்டை ஒன்று போதும்.